எச்சில் வடிஞ்சா வாயைத் திறந்து பாருங்க

பையனுக்கு ரெண்டரை வயசு, பிளே ஸ்கூல் போறான். லேசான காய்ச்சல், இட்லியை வாயில வெச்சதும் அழுகை, சட்டை நனையுற அளவுக்கு எச்சில். கடைவாய்ப் பல் முளைக்குதுன்னாங்க அத்தை. மறுநாள் கையில கொப்புளம் பார்த்ததும் அம்மை போட்டிருக்குன்னு நிலையில வேப்பிலை செருகிட்டாங்க. டாக்டர் சட்டையைத் தூக்கி நெஞ்சு, வயிறு பார்த்தார், சுத்தமா இருந்துச்சு. உள்ளங்கை, உள்ளங்கால், புட்டத்துல இருந்துச்சு. டார்ச் அடிச்சா அண்ணத்துல புண்ணு. "கை கால் வாய் நோய்"னார். 2022ல கேரளாவுல தக்காளிக் காய்ச்சல்னு பேசினாங்களே, அதுவும் இந்த வகைதானாம்.

தனி மருந்து இல்லை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால், ஆறின கஞ்சி, இளநீர். மூத்திரம் குறைஞ்சா உடனே தூக்கிட்டு வரச் சொன்னார். கிருமி மலத்துல வாரக்கணக்கா வெளியேறுமாம். டயப்பர் மாத்தினா சோப்பு போட்டே கை கழுவணும், சானிடைசர் மட்டும் பத்தாது. எல்லாம் ஆறி ரொம்ப நாள் கழிச்சு நகம் கழண்டு வந்ததுதான் பெரிய பயம். வலியில்லை, அடியில புது நகம் முளைச்சிருந்துச்சு.

—

எங்க பொண்ணுக்கு வந்தது நிஜமாவே சின்னம்மை. நெஞ்சு, முதுகுல ஆரம்பிச்சு தலைமுடிக்குள்ளயும் போச்சு. ஒரே இடத்துல சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ஞ்ச பொருக்கு மூணும் சேர்ந்தே இருந்துச்சு. அரிப்பு தாங்கலை, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அது அடங்கி மூச்சு விடுறதுக்குள்ள தம்பிக்கும் வந்துடுச்சு. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துடாதீங்க, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கலாம்.

—

ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸா இருக்கேன். தட்டம்மையில நீர்க்கொப்புளமே இருக்காது. முதல்ல கடுங்காய்ச்சல், சளி, இருமல், கண் சிவப்பு. கன்னத்து உள்பக்கம் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளி. அப்புறம்தான் காதுக்குப் பின்னாடி, நெத்தியில தடிப்பு கிளம்பி கீழே இறங்கும். தடிப்பு வர்றதுக்கு 4 நாள் முன்னாடியிருந்தே அடுத்த பிள்ளைக்குத் தொத்தும். எம்.ஆர். ஊசி (தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி) 9 மாசத்துல ஒண்ணு, 16–24 மாசத்துல ஒண்ணு. ரெண்டாவதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க, அட்டையை எடுத்துப் பாருங்க.

—

பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகலை. மூணு நாள் கொதிச்ச காய்ச்சல் சட்டுனு விட்டுச்சு, விட்டதுக்கு அப்புறம் உடம்பெல்லாம் ரோஸ் கலர் புள்ளி. ரோசியோலான்னாங்க. பாப்பா என்னவோ சிரிச்சு விளையாடிட்டு இருந்தா.

—

ஸ்கூலுக்கு எப்போ அனுப்பினீங்க?

—

சின்னம்மைன்னா கடைசிக் கொப்புளமும் பொருக்காகணும். எங்களுக்கு ஸ்கூல்ல டாக்டர் சீட்டும் கேட்டாங்க.