மறு: ‘வோல்டேஜ் டிராப்’ – வீழ்ச்சியா, இறக்கமா, இடையிறக்கமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால், ‘வோல்டேஜ் டிராப்’புக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று குழுவில் ஏன் கேட்டேன் என்பதைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கார் மின்பழுது பார்க்கப் படிக்கும் மாணவர்களுக்கான பயிற்சி ஏட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) பாடத்தில் ‘வோல்டேஜ் டிராப்’ வரும் இடமெல்லாம் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று எழுதியிருந்தேன். வரைவை வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேர் மீட்டரைத் தவறான இடத்தில் வைத்தார்கள்.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.2க்கு வந்தது. மாணவர்கள் கழித்துப் பார்த்து, ‘வீழ்ச்சி 2.4 வோல்ட், கேபிள் பழுது’ என்று எழுதிவிட்டார்கள். அது பேட்டரியே சுமையில் தளர்வது. அந்த அளவு இயல்புதான். ஏடு கேட்டது வேறு. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் பெரிய முனையத்திலும் வைத்து, நடுவில் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். அரிப்புப் பிடித்த இணைப்பில் 0.009 ஓம் இருந்தாலே போதும். 200 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும். மின்னோட்டம் இல்லாதபோது அதே கேபிளின் மறுமுனையிலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். அதனால்தான் சுற்றும்போது அளக்கச் சொல்கிறார்கள்.

ஆக, ஒன்று ஒரே இடத்தில் நேரத்தோடு குறைவது. மற்றது ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே குறைவது. ‘வீழ்ச்சி’ இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

இனி, நீங்கள் எழுதி அனுப்பிய சொற்களுக்கு வருகிறேன்.

> தடையால் நேரும் இழப்பு, ஆகவே ‘தடையிழப்பு’. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணத்தில் குறையில்லை.

குறையில்லைதான் ஐயா. ஆனால் உயிரிழப்பு, பொருளிழப்பு, நினைவிழப்பு என்று பழகிய கண் இதை இரண்டாம் வேற்றுமையாகத்தான் விரிக்கும்: தடையை இழத்தல். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். இன்னொருவர் தந்த ‘வழியிழப்பு’க்கும் இதே சிக்கல்.

> ‘போகாறு அகலாக் கடை’ என்று வள்ளுவர் வழிகாட்டியிருக்கிறாரே. செலவாகும் வழி போகாறு. ‘அழுத்தப் போகாறு’ என்போம்.

இந்த மடலை இரண்டு முறை படித்தேன். வருவாய் சிறிதானாலும் செலவாகும் வழி அகலாதவரை கேடில்லை என்பதைப் பேட்டரிக்குப் பொருத்திப் பார்த்தது மனத்துக்குப் பிடித்திருந்தது. ஆனால் உவமை கேபிளுக்கு வந்ததும் திரும்பிக்கொள்கிறது. மின்சாரத்தில் வழி அகன்றால்தான் இழப்பு குறையும். ஸ்டார்ட்டர் கேபிளை அவ்வளவு தடிமனாகப் போடுவதே அதற்காகத்தான். ஆறு என்பது முதலில் வழியா நதியா, ஆற்றுப்படையில் வருவது எது என்று தொடர்ந்த மடல்களைத் தனி இழையாக்கினால் அங்கே நானும் வருகிறேன்.

> ஒர்க்‌ஷாப்பில் டிராப் என்றுதான் பேசுகிறார்கள். அப்படியே எழுதுங்கள். மாணவர் கற்க வந்தது பழுதுபார்க்க, புணர்ச்சி விதிக்கு அல்ல.

அம்மா, புழங்கும் சொல்லை நான் ஒதுக்கவில்லை. பேட்டரி, ஸ்டார்ட்டர், அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டு மூன்றும் ஏட்டில் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைத் தொட்டுக் காட்டலாம். டிராப்பைத் தொட்டுக் காட்ட முடியாது. சொல்தான் காட்ட வேண்டும். ‘பேட்டரி டிராப் ஆகுது’, ‘கேபிள்ல டிராப் இருக்கு’ என்று இரண்டுக்கும் அதே சொல்தான் ஓடுகிறது. கைப்பழக்கம் உள்ளவருக்கு எது எதுவென்று தெரியும். புதியவருக்கு எப்படித் தெரியும்?

‘மின்னழுத்த வேறுபாடு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இயற்பியலில் இதுவும் ஒரு வேறுபாடுதான். ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே இருப்பதும் வேறுபாடுதான். அது இருந்தாக வேண்டும். கேபிளின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது கூடாதது. ‘இறக்கம்’ எனக்குப் பிடித்திருந்தாலும், தட்டச்சில் றகரம் ரகரமானால் இரக்கமாகிவிடும், பிழைதிருத்தியும் அதைப் பிடிக்காது. பேட்டரி இறங்கிவிட்டது என்று பேசும் வழக்கமும் இருப்பதால் பழைய குழப்பம் அப்படியே நிற்கும்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். பேட்டரி சுமையில் தளர்வதற்குத் ‘தொய்வு’. கட்டிய கயிறு பாரம் ஏறும்போது தொய்ந்து, பாரத்தை எடுத்ததும் மேலே வருவதுபோல, சாவியை விட்டதும் பேட்டரி பெருமளவு மீண்டுவிடும். கேபிளில் தொலைவதற்கு ‘இடையிறக்கம்’. எதற்கும் எதற்கும் இடையே என்று கேட்க வைக்கும். கேட்டால் மீட்டர் முனை இரண்டும் தானாகச் சரியான இடத்துக்குப் போகும். றகரச் சிக்கல் இதிலும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இடை என்றால் இடுப்பும்தானே என்று நேற்றே ஒருவர் எழுதினார். இடைவெளி, இடைவேளை என்று தினமும் சொல்கிறோம், யாருக்கும் இடுப்பு நினைவுக்கு வருவதில்லை.

‘வீழ்ச்சி’ பாடநூல்களில் ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம் என்பதே பெரும்பாலோர் கருத்து என்று தெரிகிறது. சரி, இந்தப் பதிப்பில் அது இருக்கட்டும். ‘தொய்வு’க்கு யாரும் பெரிதாக மறுப்புச் சொல்லாததால் பேட்டரி சோதனைப் பக்கங்களில் அதைச் சேர்த்துவிட்டேன். எர்த் பக்கச் சோதனைக்கான பயிற்சித்தாளில் மட்டும், அதாவது பேட்டரியின் எதிர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் நடுவே அளப்பதில், ‘இடையிறக்கம்’ என்று போட்டிருக்கிறேன். அடுத்த வகுப்பில் மாணவர்கள் மீட்டரை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

தடையிழப்பு ஐயா மட்டும் இன்னும் இசையவில்லை. அவர் மடலை ஏட்டின் பதிப்பாசிரியருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்