புதுப்பிப்பு: ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது, காரணம் கிடைத்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது வண்டியின் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது, அரைமணி நேரம் ஆறவிட்டால் தானே சரியாகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சந்தேகப்பட்ட மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) நன்றாகவே இருக்கிறது. "இறங்கி நிறுத்தியதும் நாலு சக்கரத்திலும் சூடு பாருங்கள்" என்று சாட்ஸ்வொர்த் ஊர் அண்ணன் ஒருவர் சொன்னதுதான் பலித்தது. முன் இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. கழற்றினால், காலிப்பரின் (பிரேக் பேடுகளை இருபக்கமும் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் நகர்வதற்கான கம்பி, துருவேறி இறுகிக் கிடந்தது. உள்பக்க பேட் இரும்புவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்தது புதிதுபோல் இருந்தது. இரண்டு மாதம் முன்புதான் ஒரு கராஜில் பிரேக் பார்த்துக் கொடுத்தார்கள்! அந்த ஸ்லைடு பின்னை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

எதிர்பாராதது பிரேக் ஆயில். டிகாஷன் நிறத்தில் வந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டர்பன் காற்றைச் சொல்லவே வேண்டாம். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். இறுகிய சக்கரத்தின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் ஆவியைத்தான் அமுக்குகிறது. ஆறினதும் மறுபடி திரவம். அதனால்தான் தானே சரியானது.

ஸ்லைடு பின், பேட், ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று. அப்புறம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, கியரைக் குறைத்து அதே இறக்கத்தில் மூன்று முறை இறங்கினேன். பெடல் கெட்டியாக நிற்கிறது.