சுண்டக்குழம்பு, வடித்த கஞ்சி, கோதுமைச் சோறு: மறக்க முடியாத சிக்கனச் சமையல் அனுபவங்கள்

கும்பகோணத்து மகள்:

சுண்டக்குழம்பை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். விசேஷம் முடிந்த மறுநாள், மிஞ்சிய சாம்பார், வற்றல் குழம்பு, கூட்டு, ரசத்தின் அடிமண்டி என அனைத்தையும் ஒரே கல்சட்டியில் கொட்டித் தணலில் ஏற்றி, கறுத்துக் கெட்டிப்படும் வரை சுண்டவிட்டுப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். சட்டி காலியானதும் அம்மா அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஆளுக்கு ஓர் உருண்டையாகக் கையில் வைப்பார். அந்த உருண்டைக்காகவே சாம்பார் மிஞ்ச வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டது உண்டு.

சென்ற ஆண்டு என் மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், எங்களுடன் தங்கியிருந்த சம்பந்தி வீட்டாருக்கு நான் ஆசையாகச் சுண்டக்குழம்பு செய்து பரிமாறினேன். அவர்களும் விரும்பியே சாப்பிட்டார்கள். "இது எங்கள் அம்மாவின் கைப்பக்குவம்" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள், பந்தியின் கோடியில் நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மா, குரலை உயர்த்தாமல், "எங்கள் வீட்டில் இதெல்லாம் பழக்கமில்லை. மிஞ்சியதை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவோம்" என்றார். எங்களிடம் ஒருபோதும் மாடு இருந்ததில்லை. இதைப் பற்றி அம்மாவிடம் கேட்கலாமா, விட்டுவிடலாமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

விருதுநகர்க்காரன்:

கேட்காதீர்கள், சகோதரி. உங்கள் தாயார் மறைத்ததற்குக் காரணம் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் இருக்கிறான்.

1968-இல் நான் மூன்றாம் வகுப்பு. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1960-களில் கேர் என்ற தொண்டு அமைப்பின் வழியாக அமெரிக்காவிலிருந்து பால்பவுடர், எண்ணெய், மக்காச்சோளக் குருணை ஆகியவை வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மஞ்சள் உப்புமாவைச் சாப்பிட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். இரு கைகள் குலுக்கும் சின்னம் பொறித்த எண்ணெய் டின் ஒன்று, காலியான பிறகு, எங்கள் பாட்டியின் அரிசிப் பானைக்கு மூடியாகப் பல ஆண்டுகள் கிடந்தது.

என் தம்பிக்குப் பள்ளியில் சேரும் வயது அப்போது வந்திருக்கவில்லை. உப்புமா கிண்டும் வாசனை தெருவுக்கு வந்ததும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளியின் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவான். ஆயா யாரும் பார்க்காத வேளையில் கம்பிகளுக்கு இடையே கரண்டியை நீட்டி அவன் தட்டில் போடுவார். ஒரு நாள் தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டார். ஆயா நடுங்கிப் போனார். தலைமையாசிரியரோ கதவைத் திறக்கச் சொல்லி, "அவனையும் வரிசையில் உட்கார வையுங்கள். பெயரை அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி இப்போது வெளிநாட்டில் வசதியாக இருக்கிறான். அவன் வீட்டுக்குள் மக்காச்சோளம் எந்த வடிவிலும் வரக் கூடாது. நான் அங்கே போயிருந்தபோது காரணம் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "துரு வாசனை வருகிறது, அண்ணா" என்றான்.

இயற்கை உணவு அன்பர்:

என் தாத்தா காலையில் ஒரு சட்டி பழைய சோற்றைக் குடித்துவிட்டு ஏர் பூட்டினால் உச்சிவெயில் வரை இறங்க மாட்டார். ஒரு முறை மருத்துவர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தம் வயதைச் சொல்லி வெட்கப்பட்டதை நான் அருகிலிருந்து கண்டேன். எனவே, இங்கே சோகக் கதைகளாக எழுதுவதை விட்டு, அந்த உணவை மீட்கும் வழியைப் பார்ப்பது நல்லது.

பழைய சோற்றுக்குப் பச்சரிசி ஏற்றதன்று, புழுங்கலரிசியே ஏற்றது. சோறு முற்றிலும் ஆறிய பிறகே நீர் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் கூழாகி நாறிவிடும். நீர், சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். மண்சட்டி சிறந்தது. புதுச் சட்டியாக இருந்தால் அரிசி கழுவிய நீரைப் பல நாள் ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். வாயை மெல்லிய துணியால் வேடு கட்டி, காற்றாடும் இடத்தில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது வெறும் குளிர்ந்த சோறுதான். காலையில் கல்லுப்புச் சேர்த்துக் கையால் பிசைய வேண்டுமே தவிர, மத்தால் கடையக் கூடாது. தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும். ஊறுகாயைத் தவிர்க்கலாம். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து ஓரிரவில் 73.91 மில்லிகிராமாகப் பெருகுகிறது என்பதையும் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டும். வாரத்தில் நான்கு நாளாவது குழந்தைகளுக்குப் பழக்குங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

முந்தைய பதிவில் உள்ள இரும்புக் கணக்கை நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். இரும்பு ஒரு தனிமம். சோறு எத்தனை நாள் ஊறினாலும் இல்லாத இரும்பை நுண்ணுயிர்கள் உண்டாக்க முடியாது. கூடுதலாக வந்தால் அது பாத்திரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். புளிப்பின்போது உண்மையில் நடப்பது என்னவென்றால், இரும்பை உடல் ஏற்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைந்து, இருக்கின்ற சிறிதளவு இரும்பு கூடுதலாக உட்கிரகிக்கப்படுகிறது. புழுங்கலரிசியைப் பற்றி அன்பர் சொன்னது சரிதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. ஆனால் சோற்றை வடிக்கையில் அவற்றில் ஒரு பகுதி கஞ்சியோடு வெளியேறிவிடும். அந்தக் கஞ்சியைப் பற்றியதே என் அனுபவம்.

1970-களின் பிற்பகுதி. திருச்சியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், அடுத்த பகுதியில் இருந்த அக்கா, நாள்தோறும் அம்மா சோறு வடிக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு பித்தளைச் செம்புடன் வருவார். "துணிக்குப் போடக் கொஞ்சம் கஞ்சி கொடுங்கள், அம்மா" என்பார். அம்மாவும் கொடுப்பார். பிறகு அப்பா ஊதியப் பாக்கி வந்த மகிழ்ச்சியில் பிரஷர் குக்கர் வாங்கி வந்தார். முதல் நாள் சமையல் முடிந்து, குக்கரின் விசிலைப் பற்றி நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா செம்புடன் வாசலில் நின்றார். "இனிமேல் வடிக்க வேண்டியதில்லையாம், அக்கா. எல்லாம் உள்ளேயே வெந்துவிடுகிறது" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவர் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "பரவாயில்லை, துணிக்குத்தானே" என்று திரும்பினார். அந்த வீட்டில் கஞ்சி போட்ட துணியை யாரும் உடுத்தி நாங்கள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் முதல் குக்கரில் பருப்பு மட்டுமே வெந்தது. சோற்றைப் பழையபடி பானையில் வடித்தார்கள். அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார். அம்மா காரணம் சொல்லவே இல்லை.

வடமராட்சி அம்மா:

நான் யாழ்ப்பாணத்தவள். 1970 முதல் 1977 வரை இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசு இறக்குமதியை இறுக்கிய காலத்தில் சிறுமியாக இருந்தேன். பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியுமுன் வரிசையில் நின்றதும், கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து கொடுத்த சீனியும், அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலுமே இராச்சாப்பாடாக இருந்ததும் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால், அவற்றைப் பயிரிட்ட எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே ஒழுங்கையில் (சந்தில்) இரண்டு வகையான வீடுகள் இருந்தன.

எங்கள் வீட்டில் தேநீருக்குச் சீனி போடும் வழக்கம் நின்றுபோய், ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். கடிக்கும் அளவைச் சரியாகக் கணக்கிட்டால் கடைசி மிடறுக்கும் இனிப்பு மிஞ்சும். அம்மம்மா இதில் வல்லவர். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த மாமாவுக்கு அம்மம்மா ஒரு பெரிய துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அது அவருக்கும், அவருக்குப் பின்னால் வாய் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூவருக்கும் சேர்த்து வைத்தது. மாமா முழுவதையும் கோப்பைக்குள் போட்டு, கரண்டியால் டணார் டணார் என்று கலக்கினார். என் தங்கை வாய்விட்டு அழுதுவிட்டாள். மாமா பதறிப்போய், "பிள்ளைக்கு வயிற்றுக் குத்தோ?" என்று கேட்டார். அம்மம்மாவும், "ஓம், நேற்றுப் பலாப்பழம் சாப்பிட்டவள்" என்று சொல்லிவிட்டார்.

பழைய சோறு பற்றி விளக்கிய அன்பருக்கு ஒரு வார்த்தை. எங்களுடைய ஒடியல் கூழையும் மீட்க வேண்டும் என்று எவராவது புறப்பட்டால், ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டிய பிறகே கூழுக்குச் சேர்க்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டு புறப்படட்டும். பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு அது. ஊறவைக்காவிட்டால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் வேறு.

மரத்தூள் அடுப்பு:

நான் கோவையைச் சேர்ந்தவள். இங்கே அனைவரும் அரிசியையும் பருப்பையும் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அரிசி ஒருவாறு கிடைத்தது. எரிக்கத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. விறகு வாங்கக் கட்டுப்படியாகாது, மண்ணெண்ணெய்க்கு அட்டை வேண்டும். எனவே அத்தை, மர அறுவை ஆலையிலிருந்து மூட்டையாகத் தூள் வாங்கி வந்து, தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, பாட்டிலைப் பக்குவமாக உருவி எடுப்பார். கீழ்த் துளை வழியாகச் சிறு குச்சியைக் கொளுத்திச் செருகிவிட்டால், அந்த ஒரு டின் தூள் சில மணி நேரம் தானாகக் கனன்று எரியும். இடையில் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே அடுப்பின் போக்குக்குத்தான் சமையல் நடந்தது. தீ மூண்டு வரும்போது பால், முழுச் சூட்டில் சோறு, இறங்குமுகத்தில் கொள்ளு. கொள்ளு வெந்த நீர் ரசமாகும், வெந்த கொள்ளு கடைசலாகும். கடைசிச் சூட்டில்தான் நேற்றைய குழம்பு சுண்டும். சுண்டக்குழம்பு ருசிக்காகப் பிறந்தது என்று நான் நம்பவில்லை. வீணாகும் தணலில் எதையாவது வைக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது அது. எரிவாயு அடுப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு அதைச் செய்துவிட்டுச் சிக்கனம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் மாலை, மாமா வேலை பார்த்த ஆலையின் மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுப்பு சாம்பலாகிக் கிடந்தது. அடுத்த வீட்டில் ஒரு கரண்டித் தணல் கேட்கலாம். ஆனால் அத்தை பணம் கடன் கேட்கக்கூடக் கூசமாட்டார், தணல் கேட்கக் கூசுவார். மாமா கண்ணால் கெஞ்சினார். அத்தை முன்னறைக்கு வந்து நிமிர்ந்து நின்று, "அடுப்பு அணைந்துவிட்டதுங்க. காபி நாளைக் காலையில்தானுங்க. இருந்து குடித்துவிட்டுப் போங்க" என்றார். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். மாமா மட்டும் இரவு வரை அத்தையோடு பேசவில்லை.

இயற்கை உணவு அன்பர்:

எரிவாயுவைப் பற்றிச் சொன்ன சகோதரிக்கு: சுண்டவைக்கும்போது அடிகனத்த பாத்திரத்தைப் பயன்படுத்தி, கொதி வந்ததும் அணைத்துவிட்டு, போர்வையால் சுற்றி வைத்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆசிரியர் ஐயாவுக்கு: இரும்பு எங்கிருந்து வந்தால் என்ன, என் தாத்தா 91 வயது வரை நடந்தார்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

தங்கள் தாத்தாவின் நடையை நான் மறுக்கவில்லை, எண்ணைத்தான் மறுத்தேன். போர்வையால் சுற்றி வைத்தால் குழம்பு வேகும். ஆவி வெளியேறாமல் எப்படிச் சுண்டும் என்பதையும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சூளைமேட்டுவாசி:

பழைய உணவின் மீது நமக்கு இருக்கும் ஏக்கத்தை நம்பலாமா என்ற ஐயம் எனக்கு உண்டு. அதற்குக் காரணமான நிகழ்வை மட்டும் எழுதுகிறேன்.

1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டப்படவில்லை. மற்ற இரவுகளில் கோதுமைதான். அமெரிக்கக் கப்பல்களில் வந்த அந்தக் கோதுமையை மாவு மில்லில் உடைத்து வந்து, ரவையைச் சோறுபோல் வேகவைத்து, அதன் மேல் புளிக்குழம்பை ஊற்றுவார் அம்மா. நான் அப்போது மிகச் சிறியவன். ஓரளவு நினைவு தெரிந்ததிலிருந்து இரவு உணவு என்றால் அதுதான்.

1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் வந்தது. அப்பா அரிசிப் பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, நடுக்கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு அதன் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு அம்மா வெள்ளைச் சோறு வடித்து, அதே புளிக்குழம்பை ஊற்றி, எனக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்க்கக் காத்திருந்தார். நான் ஒரு வாய் உண்டுவிட்டு, "கோதுமைச் சோறு எங்கே?" என்று கேட்டு அடம்பிடித்தேன். அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கியவர், அப்படியே அம்மாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இவனுக்கு நாம் எதைப் பழக்கியிருக்கிறோம், பாருங்கள்" என்றார்.

எனக்கு இன்றும் அந்தக் கோதுமைச் சோறுதான் பிடிக்கும். என் மனைவி சம்பா கோதுமை ரவையில் பலமுறை செய்து கொடுத்தும் அந்தப் பழுப்பு நிறமோ, பல்லில் அகப்படும் உமியின் நறநறப்போ வரவில்லை. அன்று ரேஷனில் கிடைத்தது எந்த வகைக் கோதுமை, இப்போது அதற்கு நெருக்கமானது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சமையல் குறிப்பு வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.