கலப்பு மொழிகளைக் காதால் கேட்டவர்கள் பகிருங்கள்

பப்புவா நியூ கினியில் சில காலம் கணக்கு வேலை பார்த்தேன். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கும் நாடு. மலைக்கு அந்தப்பக்கம் பேசுவதே இந்தப்பக்கம் புரியாது. எல்லாரையும் பேச வைப்பது டோக் பிசின் என்ற பொது மொழிதான். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, பசிபிக் தீவான சமோவா தோட்டங்களில் வெவ்வேறு தீவுகளின் கூலியாட்கள் ஆங்கிலச் சொற்களை வைத்து ஒப்பேற்றிய பேச்சு அதன் வேர். அப்போது அது யாருக்கும் தாய்மொழி இல்லை. பிட்ஜின் என்பது அந்த நிலைதான்.

அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் 'பாய் மி கோ' (நான் போவேன்) என்று சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவார். அந்த 'பாய்' முன்பு 'பாய்ம்பாய்', அதாவது 'அப்புறம்' என்ற தனிச்சொல். தேய்ந்து தேய்ந்து எதிர்காலம் காட்டும் உறுப்பாகிவிட்டது. அவர் மகன் வேறு இனத்துப் பெண்ணைக் கட்டியவர், அதனால் வீட்டில் டோக் பிசின் மட்டும்தான். பேரப்பிள்ளைகளோ அந்த 'பாய்' நம் காதில் விழுவதற்குள் வினைக்குத் தாவிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பேசுகிறவர்களுக்கு நிதானம் தேவைப்படவில்லை. இதை நேரில் கேட்டது எனக்குப் பெரிய பாக்கியம்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்கு மொரீஷியஸ் அனுபவம். பெயர் தமிழ், கோயில் தமிழ், வீட்டுப் பேச்சு கிரியோல் என்று வாழும் குடும்பத்தோடு தங்கியிருந்தேன். பிரெஞ்சுத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களிடையே உருவான மொழி அது. 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களும் அதையே கற்றுக்கொண்டார்கள். 'மோ பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ தி மான்ஸே', சாப்பிட்டேன். 'மோ பூ மான்ஸே', சாப்பிடுவேன். வினை அசையாது, காலம் முன்னால் வந்து நிற்கும். இவ்வளவு ஒழுங்கான மொழியை 'உடைந்த பிரெஞ்சு' என்பது அநியாயம். 2012இல்தான் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமானது. ரொம்பத் தாமதம்.

*

நான் கேட்டது நாகாலாந்தின் கலப்பு மொழியான நாகாமி, அங்குள்ள திமாப்பூர் சந்தையில். வெவ்வேறு மொழி பேசும் நாகா இனங்களான ஆவோ, அங்காமி இரண்டிலிருந்தும் வந்த பெண்கள் பேரம் பேசியது அதில்தான். சொற்கள் பெரும்பாலும் அசாமியம். சுற்றுவட்டாரத்தில் வாழும் கச்சாரி இன மக்களில் பலருக்கு அது தாய்மொழியாகவே ஆகிவிட்டது என்றார்கள். அவர்களோடு பழகியவர்கள் இருந்தால், பிள்ளைகள் பேச்சில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள்.