20 மாதப் பையன், 9.2 கிலோ: பால் மட்டும்தான் இறங்குது, எடை ஏற என்ன செய்யலாம்?

மல்லிச்சரம் கேட்டது:

பையனுக்கு 1 வருஷம் 8 மாசம். பிறந்தப்ப 2.8 கிலோ, ஒரு வயசுல 8.6, இப்ப 9.2. உயரம் 81 செ.மீ. நல்லா ஓடியாடறான், பேசறான், அடிக்கடி காய்ச்சல் சளின்னு எதுவும் இல்ல. சாப்பாடுன்னா மட்டும் வாயை இறுக்கிக்கறான்.

ஒரு நாள் கணக்கு இதுதான்: காலை 6.30 பால் 200 மி.லி., 9 மணிக்கு அரை இட்லி, 10.30 பால், 1 மணிக்கு மிக்ஸியில அடிச்ச ரசம் சாதம் அஞ்சாறு வாய், 3 மணிக்குப் பால், 5 மணிக்கு ரெண்டு பிஸ்கட், ராத்திரி 8 மணிக்கு ஏதோ கொஞ்சம், 9 மணிக்குப் பால், நடுராத்திரி 2 மணிக்கு இன்னொரு பாட்டில். ஆவின் நீலப் பாக்கெட். போன் காட்டினாத்தான் ஒரு வாயாவது இறங்கும். மலம் மூணு நாளைக்கு ஒரு தடவை, இறுகி வருது.

எடை ரொம்பக் கம்மியா? பசி டானிக் கொடுக்கலாமா? சத்துமாவுக் கஞ்சி கொடுத்தா ஏறுமா?

தராசு:

முதல்ல எடை. உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி 20 மாத ஆண் குழந்தைக்கு நடுக்கோடு, அதாவது நடுத்தர எடை, 11.3 கிலோ. 9.1-க்குக் கீழே போனா எடைக்குறைவுன்னு எழுதுவாங்க. உங்க பையன் அந்தக் கோட்டுக்கு 100 கிராம் மேலே நிக்கிறான். 11.3 இல்லையேன்னு அலட்டிக்காதீங்க, ஒல்லி வாகுல இருக்கற பிள்ளைங்க அதே கோட்டுல போய்க்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்ல. இங்க சிக்கல் வேற. ஒரு வயசுல 8.6-ன்னா நடுக்கோட்டுக்கு அடுத்த கீழ்க்கோடு, இப்ப கிட்டத்தட்ட அதுக்கும் கீழ்க்கோட்டுக்கு வந்துட்டான். இந்த வயசுல மாசம் சுமார் 200 கிராம், 8 மாசத்துக்கு ஒன்றரை கிலோ ஏறியிருக்கணும். ஏறினது 600 கிராம். உயரம் அந்த அளவுக்கு இறங்கல, அதனால வயித்துக்குப் போற சக்திதான் பத்தலன்னு எடுத்துக்கலாம்.

ஏன் பத்தலங்கறது உங்க கணக்குலயே இருக்கு. அஞ்சு பாட்டில், ஒரு லிட்டர். நீலப் பாக்கெட்ல கொழுப்பு 3 சதவீதம், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 600 கலோரி. நாளுக்கு அவனுக்கு வேண்டியது 900-லிருந்து 1000. பசியில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பாட்டில்லயே அடங்கிடுது. வயித்துக்குள்ள ஒரு நேரத்துக்குப் பிடிக்கறதே சுமார் 300 மி.லி. தான். 10.30-க்கு 200 குடிச்சவன் 1 மணிக்கு எதுக்கு வாயைத் திறக்கணும்? 'சோறுதான் இறங்கல, பாலாவது குடிக்கட்டும்'னு ஊத்தற பால்தான் அடுத்த வேளைச் சோத்தையும் தடுக்குது. அந்த மலச்சிக்கலும் பெரும்பாலும் இதனாலதான், வயிறு கட்டிக்கிட்டா பசி இன்னும் மந்தமாகும்.

நாளுக்கு 400 மி.லி. போதும். முதல்ல 10.30, 3 மணி பாட்டிலை நிறுத்துங்க, சாப்பாட்டுக்கு நேர் எதிரி அந்த ரெண்டும்தான். மூணு நாளைக்கு ஒண்ணுன்னு குறைங்க. மிச்சப் பாலை டம்ளர்ல, சாப்பாட்டுக்கு அப்புறம். தண்ணி சேர்த்து நீட்டாதீங்க. முடிஞ்சா ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு மாறுங்க, கொழுப்பு 6 சதவீதம். குறைவான பால்ல கூடுதல் சக்தி.

முதல் நாலஞ்சு நாள் ரெண்டுங்கெட்டானா இருக்கும்: பாலும் குறைஞ்சிருக்கும், சோறும் ஏறியிருக்காது. எடைகூடக் கொஞ்சம் இறங்கலாம். நிறைய வீட்டுல அந்த நாலாவது நாள் பயந்து பாட்டிலை எடுத்துடுவாங்க. ஒரு வாரம் தாங்குங்க. ஆனா ஒண்ணு: குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னாலோ காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

அடுப்படி:

பால் விஷயம் மேலே சொல்லிட்டாங்க. நான் கிண்ணத்தைப் பத்திச் சொல்றேன்.

மிக்ஸியில அடிச்ச ரசம் சாதம் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்தா, அதுல சோறு மூணு டேபிள்ஸ்பூன்கூட இருக்காது, மீதி ரசத் தண்ணி. முழுக்கச் சாப்பிட்டாலும் 60, 70 கலோரி. அதே கிண்ணத்துல நாலு டேபிள்ஸ்பூன் குழைஞ்ச சோறு, ரெண்டு டேபிள்ஸ்பூன் கெட்டிப் பருப்பு, ஒன்றரை டீஸ்பூன் நெய் போட்டுப் பிசைஞ்சா 170 பக்கம் வரும். வயித்துல இடம் ஒண்ணேதான். பருப்பை வேகவைக்கும்போதே தண்ணியைக் குறைச்சு வைங்க, மேலே தெளிஞ்ச பருப்புத் தண்ணியில ஒண்ணும் இல்ல.

நெய்யோ எண்ணெயோ ஒரு டீஸ்பூன் சுமார் 40 கலோரி. வேளைக்கு ஒண்ணு, ஒன்றரை. சீக்கிரம் ஏறட்டும்னு ஒரே வேளையில மூணு ஸ்பூன் ஊத்தினா வயிறு மெதுவாத்தான் காலியாகும், அடுத்த வேளை பசிக்காது. தினம் ஒரு முட்டை, தோசைமேல உடைச்சு ஊத்தி வெந்ததும் கீத்து கீத்தா வெட்டிக் கையில கொடுங்க. வெள்ளைக்கரு, மஞ்சக்கரு ரெண்டும் நல்லா வேகணும். இட்லிக்கு சாம்பாரைவிட நெய்யில குழைச்ச வேர்க்கடலைப் பொடி மேல். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பூஞ்சை பிடிச்சது, சுருங்கினதையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்க. தொடர்ந்து ஓட்டினா எண்ணெய் விட்டுக் களியாயிடும். காரம் சேர்க்காதீங்க. முதல் தடவை கால் டீஸ்பூன் மட்டும், பகல்ல கொடுத்துப் பாருங்க, தடிப்பு, வாந்தி இல்லன்னா கூட்டிக்கலாம். முழுக் கடலை, முழு சுண்டல், பாப்கார்ன் அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம், மூச்சுக்குழல்ல அடைச்சுக்கும். திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க.

மிக்ஸியை இன்னையோட ஓரங்கட்டுங்க. 20 மாசத்துல கையால மசிச்ச சோறு, அதுல சின்னச் சின்னக் கட்டி இருக்கணும். கூழாவே பழகினவன் ஒரு பருக்கை நாக்குல பட்டாலே ஓங்கரிப்பான், நாம 'பிடிக்கல'ன்னு முடிவு பண்ணிடுவோம். ஒரு வாரம் நல்லா மசிச்சது, அடுத்த வாரம் அரைகுறையா மசிச்சதுன்னு ஏத்துங்க. பக்கத்துலயே வேகவச்ச சர்க்கரைவள்ளி ரெண்டு துண்டு வைங்க, அவனே எடுக்கட்டும். சிந்தும். பாய் போடாம பழைய பேப்பரை விரிச்சு உட்கார வைங்க.

பிஸ்கட்டுக்குப் பதிலா அந்த 5 மணியை 4-க்குக் கொண்டுவந்து நேந்திரம்பழத்தை ஆவியில வேகவச்சு நெய் தடவிக் கொடுக்கலாம். மலம் இறுகறதுக்கு மதியம் கொஞ்சம் பப்பாளி, நாள் முழுக்கத் தண்ணி.

மல்லிச்சரம்:

நன்றி. 10.30 பாட்டிலை இன்னைக்கே நிறுத்தறேன். ரெண்டு சந்தேகம். ராத்திரி 2 மணி பாட்டில் இல்லாட்டி தெருவே எழுந்துக்கற மாதிரி கத்துவான். போனை எப்படி நிறுத்தறது? மாமியார் 'எப்படியோ வயித்துக்குப் போனா சரி'ங்கறாங்க.

தராசு:

ராத்திரிப் பாட்டிலை ஒரேயடியா நிறுத்த வேண்டாம். 200-ஐ ரெண்டு ராத்திரிக்கு 30 மி.லி.ன்னு குறைச்சுக்கிட்டே வாங்க, ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். கடைசி 50, 60-க்கு வந்ததும் டம்ளர்ல தண்ணி, முதுகுல தட்டல். பாட்டிலோட தூங்கினா முன்பல் சொத்தையாகும், பல் வலிச்சா மெல்லவும் மாட்டான்.

போனுக்கு: போன் இல்லாம வாய் திறக்கப் பசி வேணும், அதனால வேளைக்கு வேளை இடைவெளி இரண்டரையிலிருந்து மூணு மணி நேரம், நடுவுல தண்ணி மட்டும். கூடவே நீங்களும் தட்டு வச்சு உட்காருங்க. முதல்ல ரெண்டு ஸ்பூன் மட்டும் பரிமாறுங்க, நிறைஞ்ச கிண்ணத்தைப் பார்த்தாலே திமிறுவான். 20, 25 நிமிஷம் ஆச்சுன்னா, தின்னாலும் திங்காட்டியும் எடுத்துடுங்க, திட்டும் வேண்டாம் பரிசும் வேண்டாம். தலையைத் திருப்பறது, உதட்டை மூடறது ரெண்டும் 'போதும்'. அதுக்கு மேல திணிச்சா நாளைக்குக் கிண்ணத்தைப் பார்த்தே அழுவான். புதுக் காய் ஒண்ணை 10, 15 தடவை தட்டுல பார்த்த பிறகுதான் சில பிள்ளைங்க தொடுவாங்க. மாமியார்கிட்ட ஒரு வேலையைக் கொடுத்துடுங்களேன், 4 மணித் தீனி அவங்க பொறுப்பு. நிலா காட்டி ஊட்டினா காட்டட்டும், திரை இல்லாம இருந்தா சரி.

முளைப்பயிர்:

சத்துமாவு பத்தி யாரும் பதில் சொல்லலையே. 20 சாமான் போட்டு அரைச்ச மாவை 200 மி.லி. தண்ணியில ஒரு ஸ்பூன் கரைச்சுக் காய்ச்சினா அது வெறும் கஞ்சித் தண்ணி. மாவைக் கூட்டினா களியாகி இறங்காது. இதுக்கு வழி முளைகட்டிய மாவு.

கேழ்வரகு கால் கிலோ கழுவி 10 மணி நேரம் ஊறவச்சு, ஈரத்துணியில கட்டித் தொங்கவிடுங்க. ஒன்றரை நாள்ல வேர் தானிய நீளத்துக்கு வந்ததும் காயவச்சு, கையால தேய்ச்சு வேரை உதிர்த்துட்டு, இரும்புச் சட்டியில லேசா சூடு காட்டி அரைச்சுக்கோங்க. வாசனை வர்ற வரைக்கும் வறுக்கக் கூடாது. முளைக்கும்போது உண்டாகற நொதிதான் கஞ்சியை இளக்குது, வறுத்தா அது செத்துடும்.

இப்ப சாதாரண சத்துமாவு மூணு டேபிள்ஸ்பூனை 150 மி.லி. பால், தண்ணி கலந்ததுல காய்ச்சுங்க, கரண்டி நிக்கிற அளவுக்குக் கெட்டியாகும். இறக்கி, ஆவி அடங்கி 60, 65 டிகிரிக்கு வந்ததும் முளைமாவு ஒரு டீஸ்பூன் தூவிக் கிளறுங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல களி இளகித் தோசைமாவு மாதிரி ஒழுகும், மாவு அளவு குறையல. திரும்ப அடுப்புல வச்சு ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு (பச்சை மாவு இல்லையா, கிருமிக்காக) நெய் விட்டுக் கொடுங்க. கொதிக்கும்போதே தூவினா இளகாது. 'எனக்கு வரலையே'ன்னு சொல்றவங்க பாதிப் பேர் செய்யற தப்பு அதுதான். கஞ்சி ஸ்பூன்ல, ஒரு வேளைக்கு மட்டும். பாட்டில்ல ஊத்திடாதீங்க. பால் அந்த 400-க்குள்ளயே வரணும். அங்கன்வாடியில தர்ற சத்துமாவுக்கும் இதே முறை ஆகும்.

வேம்பு:

டானிக் கேள்விக்கு. கடைகள்ல பசிக்குன்னு தர்ற பல சிரப்புல இருக்கறது சைப்ரோஹெப்டடின், ஒவ்வாமை மருந்து. தூக்கம் வரும், மருந்தை நிறுத்தினதும் பசி பழையபடி ஆகும், 2 வயசுக்குக் கீழே தரக்கூடாது. வேண்டாம்.

அதைவிட முதல்ல ரத்தப் பரிசோதனை. ஒரு லிட்டர் பால் குடிக்கற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைஞ்சிருக்க நிறைய வாய்ப்பு. பால்ல இரும்பு அரிது, சோத்துல இருக்கறதையும் ஒட்டவிடாது. இரும்பு குறைஞ்சாலே பசி போயிடும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தா டாக்டர் எடைக்குத் தகுந்த அளவு சொல்வார். அந்த இரும்புச் சொட்டு மருந்தைப் பாலோட கலக்காதீங்க, ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல, எலுமிச்சைத் தண்ணியோட கொடுக்கலாம். நாக்கோட பின்பக்கம் விடுங்க, பல்லுல கறை படியும். மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். மண், சுவர்க்காரை திங்கிறானான்னும் பாருங்க, அது இரும்புக் குறைக்கு அடையாளம்.

பூச்சி மருந்து பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் அங்கன்வாடியில தருவாங்க. அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையில 2 வயசு வரைக்கும் பாதி, பொடி பண்ணித் தண்ணியில. வைட்டமின் ஏ சொட்டு ஆறு மாசத்துக்கு ஒருமுறை, விட்டுப்போச்சான்னு அட்டையைப் பாருங்க. அங்கேயே மாசா மாசம் எடை போட்டுக் கோட்டுல குறிச்சுத் தருவாங்க. மேல்கையோட நடுப்பகுதிச் சுற்றளவையும் நாடாவில அளக்கச் சொல்லுங்க, 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தா வீட்டு வைத்தியத்தோட நிறுத்தக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், அடிக்கடி வயித்துப்போக்கு, சாப்பிட்டதும் வாந்தி, கால் வீக்கம் இதுல ஒண்ணு இருந்தாலும், பால் குறைச்சு ரெண்டு மாசமாகியும் எடை நகரலன்னாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்க.

வீட்டுத் தராசுல பார்க்கறதா இருந்தா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில, டயப்பரைக் கழட்டிட்டு. நனைஞ்ச டயப்பரே 200 கிராம் காட்டும், அது ஒரு மாச ஏற்றம்.