பழைய வண்டிக்கு ஸ்பேர் தேடிய அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

ஸ்பேர் கிடைக்காது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கேட்கும்போதே மனம் பதறுகிறது. அதைத் தயாரித்த, மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது உண்மைதான். அதற்காக வண்டியின் ஆயுளும் அன்றோடு முடிந்துவிடவில்லை.

என் வண்டி கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் பல ஆண்டுகள் நின்றிருந்தது. சும்மா துருப்பிடிப்பதற்கு, ஓட்டுகிறவர் கையில் இருக்கட்டும் என்று வீட்டுக்கார ஆச்சி கொடுத்தார். கிளப்பியதும் தெரு நிறைய வெள்ளைப் புகை. இடப்பக்கக் கிராங்க் சீல், அதாவது எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். ஓடாமல் நிற்கும் வண்டியில் சீலின் ரப்பர் இறுகிவிடும். இடப்பக்கச் சீல் போனால் பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) பெட்டியில் இருக்கும் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். வலப்பக்கச் சீல் போனால் காற்றை இழுக்கும்; ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் தணியாது, சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரிக்கும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

சீலைத் தேடிப் போன கடைகளில் வண்டியின் பெயரைச் சொன்னதுமே கையை விரித்தார்கள். சிலர் புது யெஸ்டியா என்று கேட்டார்கள். 2022-ல் அந்தப் பெயரில் மீண்டும் வந்தவை 334 சிசி, நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். நம்முடையது 250 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். அதன் எஞ்சின் சாமான் எதுவும் இதற்குச் சேராது.

வழி காட்டியவர் மெக்கானிக் அண்ணன்தான். கழற்றிய சீலை மண்ணெண்ணெயில் கழுவி, அதன் முகத்தில் பொறித்திருந்த மூன்று எண்களைக் காட்டினார்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். அதை எழுதிக்கொண்டு மதுரைக்குப் போனேன். பைக் ஸ்பேர் கடைக்கு அல்ல, ஆலைகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பேரிங் விற்கும் கடைக்கு. என்ன வண்டி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். பெட்ரோலும் சூடும் தாங்கும் ரகம்தானா என்பதை மட்டும் நாம் கேட்டு வாங்க வேண்டும். பேரிங்குக்கும் இதே முறைதான். அதன் வளையத்தின் பக்கவாட்டில் எண் இருக்கும். அன்று முதல் எந்தக் கடையிலும் வண்டியின் பெயரை நான் முதலில் சொல்வதில்லை.

பிஸ்டனுக்கு இந்த வழி உதவாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனின் விளிம்புதான் திறந்து மூடுகிறது. விட்டம் ஒன்றாக இருந்தாலும், பிஸ்டனைத் தாங்கும் குறுக்கு ஊசி (பின்) இருக்கும் உயரமும் கீழ்ப்பகுதியின் வெட்டும் மாறினால் எஞ்சினின் ஓட்டமே மாறிவிடும். ஆகவே அதே வண்டியின் பிஸ்டன்தான் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழக்கமுள்ள ஒருவர் மூலம் 0.50 ஓவர்சைஸ், அதாவது அசல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் கிடைத்தது. அது வந்து சேரும்வரை தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் பட்டறைக்காரர் அதைத் தொடவே மறுத்துவிட்டார். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, அதற்கேற்பத்தான் கடைவேன் என்றார். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டைத் தூக்கி எறியாதீர்கள். பழைய பிளேட்டிலேயே புதுக் கார்க் பதித்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

என்னிடம் இருப்பது எல்.எம்.எல். ஃப்ரீடம் பைக், 110 சிசி. கான்பூர்க் கம்பெனி இப்போது இல்லை. நம் பகுதியில் இந்த வண்டி முன்பும் அதிகம் ஓடியதில்லை. எஞ்சினைவிட என்னை அலைய விட்டது சைடு பேனல்தான். பிளாஸ்டிக்கில் பொறித்த எண் எதுவும் இல்லை. காரைக்குடி அண்ணன் சொல்கிற, எண்ணைப் பார்த்து வாங்கும் முறை இதற்குப் பொருந்தாது. உடைந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒட்டி, அதன் மேல் அச்சு எடுத்து, கண்ணாடி இழையில் புதிதாகச் செய்து தந்தார் கார் பம்பர் ஒட்டும் ஒருவர். உட்புறக் கொக்கிகள் சரியாக உட்கார இரண்டாம் முறை செய்ய வேண்டியிருந்தது. எடை சற்றுக் கூடுதல். ஆனால் செம்மண் சாலையில் ஓட்டினாலும் அதிர்வுச் சத்தம் இல்லை. உடைந்தால் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், பாதி இருந்தாலும் அச்சு எடுத்துவிடலாம்.

பள்ளத்தூரிலிருந்து:

நானும் ரோட்கிங்தான் வைத்திருக்கிறேன். 6 வோல்ட் பல்புக்கு மாற்றாக 12 வோல்ட் பல்பைத் தருவார்கள். வாங்காதீர்கள், மங்கலாகத்தான் எரியும்.

சைலன்சர் முலாம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வண்டிக்கு இரண்டு சைலன்சர், செலவும் இரட்டிப்பு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பக்கத்தில் காரைக்குடியில் இருப்பதால், மின்முலாம் தெரிந்தவர்கள் இங்கே பழக்கத்தில் கிடைக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் கேட்டேன். மேலே மின்னும் குரோமியம் மிக மெல்லிய பூச்சு, துருவைத் தடுப்பது அடியில் உள்ள நிக்கல் என்றார். பாலிஷ் போட்டுக் குழிகளை நீக்காமல் முலாம் பூசினால் ஒரே மழைக்காலத்தில் பொரிந்துவிடும். கடைக்காரரிடம் நிக்கலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எனக்கு இப்போது கிக் லீவர் வேண்டும். இந்த வண்டியில் கியருக்கும் கிக்குக்கும் ஒரே லீவர் என்பதால் அதன் உட்பற்கள் சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. சந்தையில் புதிதாக வருவது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆலை ஓடிய காலத்துப் பழைய லீவர் யாரிடமாவது இருந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, உட்பற்கள் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள்.