சொத்து வரி உயர்வு: கட்சி சாராத ஆய்வை எங்கே தேடுவது?

வார்டுவாசி:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்து நகராட்சி ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். 2022 ஏப்ரலில் சொத்து வரி திருத்தப்பட்டபோது, 1,100 சதுர அடி கொண்ட என் வீட்டுக்கு 50 சதவீதமும், அடுத்த தெருவில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும் கூடின. வரியைக் கட்டிவிட்டோம்; அதைப் பற்றி முறையிட நான் இங்கே வரவில்லை. சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒருவர் இது மத்திய நிதி ஆணையம் சுமத்திய நிபந்தனை என்கிறார், மற்றொருவர் இது முழுக்க முழுக்க மாநில அரசின் முடிவு என்கிறார். இன்னொருவர் மும்பை மாநகராட்சியின் வரவு செலவைச் சென்னையோடு ஒப்பிட்டு, நமக்கு நிர்வாகம் தெரியவில்லை என்கிறார். எல்லோரிடமும் எண்கள் இருக்கின்றன, ஆனால் அவை எங்கிருந்து வந்தவை என்று எவரும் சொல்வதில்லை.

மாநில அரசு, உள்ளாட்சி ஆகியவற்றின் கொள்கைகளை எந்தக் கட்சிக்கும் சாயாமல் ஆராய்ந்து எழுதுகிற அமைப்புகள் எவை? அவற்றை என்னைப் போன்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? ஓர் ஆய்வு உண்மையாகவே கட்சி சாராதது என்பதை எப்படி அறிவது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் எங்கள் சங்கத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பேரேடு:

ஐயா, வணக்கம். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சங்கத்தில் பேசிய முதல் இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மத்திய அரசின் 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு நாடு முழுவதும் உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் மானியத்தைப் பரிந்துரைத்தது. நகர்ப்புற உள்ளாட்சிகள் தமது பங்கைப் பெற வேண்டுமானால் மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும் என்றும், அதன் பிறகு வசூல் மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஈடாகக் கூடி வர வேண்டும் என்றும் அது நிபந்தனை விதித்தது. எனவே நிபந்தனை மேலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் 600, 1,200, 1,800 சதுர அடி என்று படிகள் வகுத்ததும், உங்கள் ஊருக்கு 25 முதல் 100 சதவீதம் வரையும் சென்னையின் பழைய பகுதிகளுக்கு 50 முதல் 150 சதவீதம் வரையும் உயர்த்தியதும் மாநில அரசின் முடிவு. 2018இல் அதிமுக ஆட்சியிலும் வரி உயர்த்தப்பட்டு, உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பாக 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

இதே நிதி ஆணையம் விதித்த இன்னொரு நிபந்தனை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்படாத கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது மானியம் பெறுவதற்கான நுழைவுத் தகுதியாக வைக்கப்பட்டது. அதனால் உங்கள் நகராட்சியின் கணக்கைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

படிக்க வேண்டியவற்றில் முதலிடம் மாநில நிதி ஆணையத்தின் அறிக்கைகளுக்கே. அரசியலமைப்பின் 243-I, 243-Y பிரிவுகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் இந்த ஆணையம், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் எவ்வளவு பங்கை ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் தருவது, அதை எந்த அளவுகோலில் பிரிப்பது என்று ஆராய்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பங்கு நீண்ட காலமாக 10 சதவீதம். அறிக்கையோடு, எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எதை ஏற்கவில்லை என்ற விளக்கக் குறிப்பும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. அந்தக் குறிப்பைத்தான் நான் முதலில் படிப்பேன். கொள்கையில் கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது அதில்தான் துலக்கமாகத் தெரியும்.

மேற்குக்கரை:

நான் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். இங்கே நடக்கும் ஒரு வழக்கத்தைச் சொன்னால், நண்பர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு அது உதவக்கூடும். மாநிலச் சட்டமன்றத்துக்கென்றே 1941 முதல் ஓர் ஆய்வு அலுவலகம் இருக்கிறது. சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் என்று சொல்லலாம். இரு அவைகளின், இரு கட்சிகளின் உறுப்பினர்களும் அடங்கிய ஒரு கூட்டுக்குழு அதை மேற்பார்வை செய்கிறது. இங்கே மாநில அரசை நடத்துபவரான ஆளுநர் முன்வைக்கும் பட்ஜெட்டை அது பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு, அதன் அடிப்படைக் கணிப்பு சரியா, மாற்று வழி உண்டா என்று எழுதுகிறது.

பொதுமக்கள் அதை நேரில் சந்திப்பது தேர்தல் காலத்தில்தான். இங்கே முக்கியமான சட்டங்கள் வாக்காளரின் நேரடி முடிவுக்கு வரும். வீடுதோறும் அனுப்பப்படும் கையேட்டில் ஆதரவு வாதம், எதிர் வாதம் ஆகியவற்றுக்கு முன்பாக, அந்தச் சட்டத்தால் மாநிலத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்ற இந்த அலுவலகத்தின் கணிப்பு அச்சாகும். 1978இல் இப்படி வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமலும், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயராமலும் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்போதுதான் அந்த மதிப்பு சந்தை விலைக்குத் திருத்தப்படும். அதனால் ஒரே தெருவில் ஒரே அளவு வீடு வைத்திருக்கும் இருவரில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கைச் சென்ற ஆண்டு வாங்கியவர் கட்டுகிறார். 2020இல் வணிக, தொழிற்சாலைச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி விதிக்கும் 15ஆம் முன்மொழிவு வந்தபோது, ஆண்டுக்கு 650 கோடி முதல் 1,150 கோடி டாலர் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்று அலுவலகம் கணித்தது. ஒற்றை எண்ணைச் சொல்லாமல் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சொன்னதில்தான் அதன் நேர்மையை நான் கண்டேன். முன்மொழிவு தோற்றது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்த அலுவலகம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இதற்கும் பலவீனம் உண்டு. 1990இல் சட்டமன்றத்தின் செலவுக்கு வரம்பு விதித்த 140ஆம் முன்மொழிவு நிறைவேறியபோது, இந்த அலுவலகத்தின் ஊழியர் எண்ணிக்கையும் பெருமளவு குறைக்கப்பட்டது.

அளவுகோல்:

கொள்கை ஆய்வுத் துறையில் வேலை செய்கிறேன். மேற்குக்கரை விவரித்ததைப் போல நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் ஓர் ஆய்வு அலுவலகம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்ப முயல்கிறது டெல்லியில் 2005இல் தொடங்கப்பட்ட பிஆர்எஸ் லெஜிஸ்லேடிவ் ரிசர்ச். ஒவ்வொரு மாநிலத்தின் பட்ஜெட்டையும் ஒரே அமைப்பில் சுருக்கி ஆண்டுதோறும் வெளியிடுவதால், தமிழ்நாட்டைக் கேரளத்தோடோ மகாராஷ்டிரத்தோடோ வைத்துப் பார்க்க முடிகிறது. சென்னையில் 1971 முதல் இயங்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் மாநிலத்தின் பொருளாதாரம், சமூகம் குறித்து ஆழமான ஆய்வுகளைச் செய்து வருகிறது. ரிசர்வ் வங்கி 2022 நவம்பரில் மாநகராட்சிகளின் நிதிநிலை குறித்துத் தனி அறிக்கையை முதன்முறையாக வெளியிட்டது. நம் மாநகராட்சிகளின் வரவும் செலவும் பத்தாண்டுக்கு மேலாக நாட்டின் உற்பத்தியில் சுமார் ஒரு சதவீதத்திலேயே தேங்கி நிற்கின்றன என்றும், பிரேசிலில் அது 7.4 சதவீதம், தென்னாப்பிரிக்காவில் 6 சதவீதம் என்றும் அது சொல்கிறது.

ஆனால் இத்தகைய ஒப்பீடுகளை எடுத்தாளும்போது எந்த வேலை எவர் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் சங்கத்தில் மும்பையைச் சென்னையோடு ஒப்பிட்டவர் இதைத்தான் தவறவிட்டிருக்கிறார். மும்பையில் குடிநீர் வழங்குவது மாநகராட்சி. சென்னையிலோ 1978 முதல் குடிநீர் வாரியம் தனி அமைப்பு, ஆகவே அந்த வரவு செலவு மாநகராட்சிக் கணக்கில் வராது. மேலும் மும்பைக்கு 2017 ஜூலை வரை ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி பெரும் வருவாயாக இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் அதற்கு ஈடாக மாநில அரசு தொகை தருகிறது. இவற்றைக் கழிக்காமல் இரண்டு மொத்தத் தொகைகளை அருகருகே வைத்தால், எண் சரியாக இருந்தும் முடிவு பிழையாகிவிடும்.

கட்சி சாராமை என்பதைப் பலர் கருத்தே இல்லாமை என்று எண்ணுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஓர் அமைப்பு வரியை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தும் கட்சி சாராததாக இருக்க முடியும். அதன் தரவு எங்கிருந்து வந்தது, கணக்கிட்ட முறை எது, பணம் கொடுப்பவர் யார் என்பவற்றை அது மறைக்காமல் சொல்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, அதன் பழைய அறிக்கைகளை எடுத்து, வெவ்வேறு ஆட்சிகளின் காலத்தில் ஒரே கேள்வியை ஒரே அளவில் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்சி மாறியதும் கேள்வி மாறினால் நான் அந்த அறிக்கையைக் கீழே வைத்துவிடுவேன்.

வார்டுவாசி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மும்பை ஒப்பீட்டைப் பற்றிய விளக்கத்தை அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். மாநில அளவில் படிக்க இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் எங்கள் ஊரைப் போன்ற ஒரு நகராட்சியைப் பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. உயர்த்திய வரியில் எவ்வளவு உண்மையில் வசூலானது என்பதை நாங்களே கண்டறிய விரும்புகிறோம். எங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் இருப்பதால், மனுவில் அனைவரும் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று பேரேடு ஐயா சொல்ல வேண்டும்.

பேரேடு:

நல்ல முடிவு. முதலில் இணையத்தில் உள்ள கணக்கைப் பாருங்கள்; கிடைக்காததை மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். சொத்து வரிக்கான கேட்பு (நகராட்சி கட்டச் சொன்ன தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை 2019-20 முதல் ஆண்டுவாரியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடியும். நடப்புக் கேட்பையும் பழைய நிலுவையையும் தனித்தனியாகத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துத் தந்தால் வசூல் சதவீதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வரி விதிப்புக்கு உள்ளான கட்டடங்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள், ஏனெனில் புதிய வீடுகள் பட்டியலில் சேர்ந்ததால் கூடிய வசூலையும் வீத உயர்வால் கூடிய வசூலையும் பிரித்துப் பார்க்க அதுதான் வழி. நீதிமன்ற வழக்கில் முடங்கிய தொகையையும் மறக்காமல் தனியாகக் கேளுங்கள். அதை நிலுவையிலேயே விட்டுவிட்டால் அலுவலர்கள் வசூலில் மெத்தனம் காட்டியதாக நீங்கள் தவறாக எழுத நேரிடும். பதில் வந்ததும் இங்கே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.